வரிசை எண் நாற்பத்தொன்று

செவ்வாய்க்கிழமை மண்டல ஆபீசில் கூட்டம் கம்மி.
வராந்தாப் பலகையில் ஒட்டியிருக்கும்
கட்டட அனுமதிப் பட்டியலை
ராசிபலன் மாதிரி படிப்பேன்.
மனுதாரர் பெயர், வார்டு, டவுன் சர்வே எண்,
எத்தனை தளம், எத்தனை சதுரடி,
அனுமதி தேதி.
போன் நம்பர் இருக்காது.
அதற்குத்தான் எக்ஸெல் வண்டியும்
நூறு ரூபாய் பெட்ரோலும்.

எனக்கு வேண்டியது தேதி.
அனுமதி வாங்கிப் பத்து நாள் என்றால்
வீட்டுக்காரர் இன்னும் கனவில் இருப்பார்.
கனவில் பிளம்பர் வருவதில்லை.
மூன்று மாசம் என்றால்
மேஸ்திரி தன் மச்சானைக் கூட்டி வந்திருப்பான்.
நடுவில் ஒரு வாரம் இருக்கிறது,
வானம் தோண்டி முடித்து
மழை வந்துவிடுமோ என்று
எல்லாரும் மேல் வானத்தைப் பார்க்கிற வாரம்.
அந்த வாரத்தில் போய் நிற்க வேண்டும்,
கையில் விசிட்டிங் கார்டும்
முகத்தில் தற்செயலும் வைத்துக்கொண்டு.

ஆனையூரில் சுகிர்தமணி அம்மா கேட்டார்,
"எப்படிங்க தெரியும்?
எங்க கொழுந்தனுக்கே இன்னும் சொல்லலை."
சர்க்கார் சுவத்துல ஒட்டுறதை
சொந்தக்காரங்க படிக்கிறதில்லம்மா என்றேன்.
சிரித்துவிட்டார்.
இரண்டு பாத்ரூம், ஒரு சம்ப்பு.

விளாங்குடியில் வெறும் கருவேலம்.
ஆயிரத்து நூறு சதுரடிக்கு அனுமதி வாங்கியவரை
எதிர்வீட்டில் விசாரித்தேன்.
"மகனுக்கு சீட்டு கிடைச்சிருச்சுல்ல,
வீட்டைக் காலேஜ்ல கட்டிட்டாரு."
அந்தப் பெயரை அடிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

இந்த வாரம் வரிசை எண் நாற்பத்தொன்று:
பி.ஆர். கோவர்த்தனன்.
பழைய கட்டடத்தை இடித்துவிட்டு
கீழே வண்டி நிறுத்த, மேலே இரண்டு தளம்,
நான்கு குடியிருப்பு.
பழக்கதோசத்தில் பேனா ஓடிவிட்டது.
கதவு எண்ணில்தான் நின்றது.

அந்த எண்ணுக்குத்தான் என் சிலிண்டர் வருகிறது.
அந்த எண்ணுக்கு முன்னால்தான்
மகளின் பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிறது.

அனுமதி கொடுத்துப் பதினெட்டு நாள்.
போன அஞ்சாம் தேதி
விரலை நக்கி வாடகையை எண்ணினார் ஓனர்.
மோட்டார் காயில் போனதைப் பேசினார்.
பாகற்கொடி நல்லா ஏறியிருக்கே என்றார்.
அப்போதே தெரியும் அவருக்கு.
ஊரில் எவன் வீடு கட்டினாலும்
முதலில் தெரிந்துகொள்கிறவன் நான்.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
பழங்காநத்தம் டீக்கடையில்
டம்ளர் ஆறுகிற வரைக்கும் வந்தது.
அதற்கு நடுவிலேயே, வெட்கமில்லாமல்,
கணக்கும் ஓடியது:
நான்கு வீடு, எட்டு பாத்ரூம்,
பைப்பு மட்டும் எவ்வளவு ஆகும்.
எவனும் அந்த இடத்துக்கு
என்னை மாதிரி எஸ்டிமேட் போட முடியாது.
மேற்குச் சுவரில் ஈரம் எந்தக் கல் வரை ஏறும்,
ஐப்பசியில் தண்ணி எந்த மூலையில் தேங்கும்,
கார்ப்பரேசன் குழாய்
அதிகாலை எத்தனை மணிக்கு இருமும்,
எல்லாம் எனக்குத் தெரியும்.
பதினோரு வருசம்
அந்த வீட்டுக்குக் காசு வாங்காமல் பார்த்த வேலை.

மெட்டில்டாவிடம் இன்னும் சொல்லவில்லை.
அவள் தூங்கினபிறகு நோட்டை விரித்து
'வேலை எந்த நிலையில்' என்ற கட்டத்தில்
'இன்னும் இடிக்கவில்லை' என்று எழுதினேன்.
எழுதிவிட்டு அண்ணாந்து பார்த்தேன்.
பல்லி ஒன்று டியூப்லைட்டுக்குப் பின்னால் போனது.

'நேரில் பார்க்க': அஞ்சாம் தேதி, வாடகையோடு.

பிறகு லெட்டர்பேடை எடுத்து
வேலை நடக்குமிடம் என்று எழுதி
முகவரியைத் தொடங்கினேன்.
மேலே, நீல எழுத்தில்,
அச்சடித்தே இருந்தது.